ஒன்பதாம் கிணற்றின் பாட்டில்கள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று காலை பத்தேகாலுக்குப் பதினோராம் கிணற்றில் கஞ்சி இறங்கத் தொடங்கியது. கஞ்சி என்பது சாகுல் பாய் வைத்த பெயர். தலைமை அலுவலகத்துக் காகிதத்தில் அதற்குப் பாலிமர் கரைசல் என்று பெயர். வெள்ளைப் பொடிதான், தண்ணீரில் கலந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். சாகுல் பாய்க்கு இந்த எண்ணெய் வயலில் முப்பது வருஷ சர்வீஸ், அவர் வைத்தால் அதுதான் பெயர்.

அந்த முப்பது வருஷத்தில் நல்லாண்டூர் மண்ணுக்கடியில் இருந்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே வந்திருக்கிறது. மிச்சம் பாறையின் துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வெறும் தண்ணீரை விட்டுத் தள்ளினால் அது சுலபமான வழியாகப் பார்த்து ஓடிவிடுகிறது, எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கஞ்சி அப்படி ஓடாது. மெதுவாக, அகலமாகப் போய் எண்ணெயைப் பதினாலாம் கிணற்றின் பக்கம் தள்ளிக்கொண்டு வரவேண்டும். வரும் என்றுதான் திட்டம்.

எங்கள் மேலாளர் பத்மநாபன் சார் தேங்காய் உடைத்தார். அழுகல். யாரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டோம்.

"ஏப்ரல் முப்பதுக்குள்ள எண்ணெய் கூடுதுன்னு காட்டணும் நாயகி. காட்டலேன்னா வயலையே மூடச் சொல்லிட்டாங்க. காட்டிட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும், ஆள் எடுப்போம். சிங்காரவேலுவுக்கு எடம் இருக்கும்" என்றார். கடைசி வாக்கியத்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

சிங்காரவேலு என் வீட்டுக்காரர். நாலு வருஷமாக ஓமன் பாலைவனத்தில் இதே வேலை செய்கிறார். இந்தத் திட்டமும் வரைபடமும் அவர் போட்டவைதான். அப்போது தலைமை அலுவலகம் அதைக் கிடப்பில் போட்டது, அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "பதினாலுல எண்ணெய் வந்தா சொல்லு. அடுத்த பிளைட்டப் புடிச்சி வந்துடறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

வெள்ளி அவருக்கு விடுமுறை. மாலை ஏழுக்குப் போன் வந்தது. சாப்பிட்டியா, மழையா, பதினாலு எப்படி இருக்கு. மூன்று கேள்வி, நாலு நிமிஷம். கஞ்சி இறங்க ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் பதினாலில் என்ன இருக்கும்? அப்படித்தான் சொன்னேன். "சும்மா கேட்டேன்" என்றார்.

தேங்காய் அழுகின கதையைச் சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவர் விட்டுப்போன ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தேன். பதினேழு உதை. நான் ஓட்டுவதில்லை, எனக்கு ஓட்டவும் தெரியாது. ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் ஓடவிட்டால் பேட்டரி சாகாது என்று மெக்கானிக் சொன்னதால் செய்கிறேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாள், "வித்துடேன் நாயகி" என்றாள். உன் வேலையைப் பார் என்று சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

என் வேலை இன்றிலிருந்துதான். கஞ்சியோடு ஓர் அடையாள உப்பும் கலந்து அனுப்பியிருக்கிறோம். திங்கள்தோறும் சாகுல் பாய் சுற்றியுள்ள ஐந்து கிணறுகளிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, தேதி எழுதி, ஆய்வகத்தில் கொண்டுவந்து வைப்பார். நான் அந்தத் தண்ணீரில் இரும்புக் கரைசல் இரண்டு சொட்டு விடவேண்டும். சிவந்தால் கஞ்சி அந்தக் கிணற்றுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆலத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்குமே, கிட்டத்தட்ட அதே சிவப்பு.

ஆறு, எட்டு, பன்னிரண்டு, பதினாலு: நான்கிலும் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் கிணற்றுப் பாட்டிலைப் பார்க்க நேரமில்லை. அது எப்படியும் கணக்கில் சேராது. பதினொன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே மண்ணுக்கடியில் ஒரு பாறைச்சுவர் இருப்பதாக என் வீட்டுக்காரருடைய வரைபடத்தில் போட்டிருக்கிறது. தண்ணீர் தாண்டாது.

பிப்ரவரி 17, திங்கள்

நாலும் இல்லை. ஒன்பது பார்க்கவில்லை. காஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

பிப்ரவரி 26, புதன்

தலைவலி. பதினோராம் கிணற்றின் வாயில், கஞ்சி உள்ளே இறங்கும் இடத்தில் நானே சாம்பிள் பிடித்துப் பார்த்தேன். கொழகொழப்பு பாதிகூட இல்லை. தொட்டியில் நன்றாக இருக்கிறது, கிணற்று வாயில் பச்சைத் தண்ணீர். நாலு தடவை பிடித்தேன், நாலு தடவையும் அப்படித்தான்.

பத்மநாபன் சார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு பொடியும் தண்ணியாத்தான் உள்ள போவுதா? நிறுத்திடலாமா?" என்றார். வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் சார் என்றேன். ஏன் வெள்ளிக்கிழமை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

முப்பத்தெட்டு நிமிஷம்! நாலு வருஷத்தில் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

"வால்வுலேந்து நேரா பாட்டில்ல புடிச்சியா?"

"பின்ன எதுல புடிக்கிறது, குடத்துலயா?"

"ஒடனே எரிஞ்சு விழாத. எவ்வளவு அழுத்தத்துல நிக்கிது அது. வால்வத் தொறந்தா பீச்சிக்கிட்டு வருதுல்ல? அந்த ஒரு எடத்துலயே எல்லா அழுத்தமும் எறங்கிடுது. பாலிமரு நூல் நூலா இருக்கும் நாயகி, அறுந்துபோயிடும். கிணத்துக்குள்ள போறது நல்லாத்தான் போவுது. நீ வெளிய எடுக்கறப்பத்தான் கெடுது."

எனக்குக் காது சுட்டது. பதினெட்டு வருஷமாக ஆய்வகத்தில் இருக்கிறேன். பாட்டிலைப் பிடித்தோமா நிரப்பினோமா என்று இருந்திருக்கிறேன்.

"மெல்லிசுக் குழாய் ஒரு பத்து மீட்டரு சுருட்டி மாட்டு. அது வழியா வரட்டும். அழுத்தத்த ஒரே எடத்துல எறக்காத. நீளமா, கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். உனக்குத்தான் அது வராதே."

கடைசியில் சொன்னது கஞ்சியைப் பற்றி இல்லை. அப்புறம் குழாயின் விட்டம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்டேன், சொன்னார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். குப்பூஸ் ரொட்டி என்றார். பாவம், அவருக்கு அது பிடிக்காது.

மார்ச் 1, சனி

சுருள் குழாய் மாட்டினோம். சாகுல் பாய் துணி காயப்போடும் கொடி மாதிரி அதைக் கம்பத்தில் சுற்றினார். பாட்டில் நிரம்ப இருபது நிமிஷம் ஆனது. கொழகொழப்பு முழுசாக இருந்தது. பத்மநாபன் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஓமனுக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரலில் பார்க்க என்ன இருக்கிறது?

மார்ச் 10, திங்கள்

நாலும் இல்லை. ஒன்பதாம் கிணற்றுப் பாட்டில்களைக் கீழ் அலமாரியில் வைத்தேன். மேசையில் இடத்தை அடைக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

"பதினாலு?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "வரும், வரும்" என்றார். குரலில் ஒரு தினுசு. அவருக்கே தைரியம் சொல்லிக்கொள்கிற மாதிரி.

ஒன்று தோன்றியது. வாராவாரம் பதினாலைக் கேட்கிறார். ஆறு, எட்டைக்கூட ஓரிரு தடவை கேட்டிருக்கிறார். ஒன்பதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதுவும் நல்லதுதான்.

மார்ச் 24, திங்கள்

சாகுல் பாய் போகிறபோக்கில், "ஒம்போதாம் நம்பரு பாட்டிலு பாத்தீங்களாம்மா?" என்றார்.

"பாக்கறேன் பாய்."

"கைல வழவழங்குது. அதான் கேட்டேன்."

"பாக்கறேன்னு சொன்னேன்ல."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். வயசில் பெரியவர், அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நாளைக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

பதினாலில் இல்லை. ரம்ஜான். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் சாகுல் பாய் வீட்டு பிரியாணி வந்தது. இரண்டு பேர் சாப்பிடும் அளவு. அவர் வீட்டம்மாவுக்கு எப்போதும் அப்படித்தான் அளந்து பழக்கம். பாதியைப் பிரிட்ஜில் வைத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சாகுல் பாயோடு பாட்டில் தகராறு. ஆய்வகத்தில் மொத்தம் பன்னிரண்டு பாட்டில். சோதித்ததும் கொட்டிக் கழுவித் திருப்பித் தந்தால்தான் அடுத்த வாரம் ஓடும்.

"எங்கம்மா போச்சு பாட்டிலெல்லாம்? கையில இருக்கறது எண்ணி நாலுதான். அஞ்சு கெணறு இருக்குல்ல?"

"ஒடஞ்சிருக்கும்."

"ஒடஞ்சா சத்தம் கேட்டிருக்குமே" என்று கீழ் அலமாரியைப் பார்த்தார். நான் அதன் முன்னால் நின்றிருந்தேன். கடைசியில் ஒன்பதுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துவந்து, கழுத்தில் நூல் கட்டி, தேதி எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. பாயசம், மாங்காய்ப் பச்சடி, வடை. ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே செய்தேன். விடுமுறை நாளிலும் சாகுல் பாய் சாம்பிள் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வடை கொடுத்தேன். பதினாலாம் கிணற்றுப் பாட்டிலையும் இரும்புக் கரைசலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். சமையலறையிலேயே சொட்டு விட்டேன். பச்சைத் தண்ணீர்தான்.

இன்று வெள்ளிக்கிழமை இல்லாததால் என் வீட்டுக்காரர் அழைக்கவில்லை. புத்தாண்டு வாழ்த்துப் படம் ஒன்று வந்தது, யாரோ அவருக்கு அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார்.

ஏப்ரல் 18, வெள்ளி

"பதினாலு?"

"இல்லங்க."

"இன்னும் பன்னண்டு நாள் இருக்குல்ல."

"இருக்கு."

"சரி."

இரண்டு நிமிஷம்கூட இல்லை.

இந்த நோட்டில் நான் பொய் எழுதியிருக்கிறேன். இரண்டு மாசமாக அது உறுத்துகிறது. தலைமை அலுவலகம் திட்டத்தைக் கிடப்பில் போட்டது நிஜம். ஏன் போட்டது என்று எழுதவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் அந்தக் கூட்டத்தில் இவர் வரைபடத்தைத் திரையில் போட்டு, ஒன்றரை மணி நேரம் விளக்கினார். பாறைச்சுவரைக் காட்டினார். பெரிய அதிகாரிகள் தலையாட்டினார்கள். அன்று காலைதான் நான் ஒன்பதின் தண்ணீரையும் பதினொன்றின் தண்ணீரையும் ஒப்பிட்டு முடித்திருந்தேன். உப்புகளெல்லாம் அச்சு அசல் ஒன்று. ஒரே தண்ணீர். நடுவில் சுவர் இருந்தால் எப்படி ஒரே தண்ணீர் இருக்கும்? இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சீட்டில் எழுதி நீட்டியிருக்கலாம். எழுந்து நின்று, "அந்தச் சுவரே இல்ல சார்" என்றேன். அத்தனை பேர் முன்னால். யாரோ, "புருஷனும் பொண்டாட்டியும் முதல்ல வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்கப்பா" என்றார்கள். அறை முழுக்கச் சிரித்தது.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதோரம் சிவந்துவிட்டது. மூன்றாம் மாசம் ஓமன்.

ஒன்பது சிவந்தால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். நான் மறுபடியும் சரியாக இருந்துவிட்டால் அவர் எப்படி வருவார்? பதினாலு முதலில் வந்துவிட்டால் போதும். வந்துவிடும் வந்துவிடும் என்று பத்து பாட்டிலை அலமாரியில் அடைத்துப் பூட்டி வைத்திருக்கிறேன். எனக்கு அவர் வேண்டும். சரியாக இருந்து இருந்து என்ன கண்டேன்?

ஏப்ரல் 21, திங்கள்

பதினாலில் இல்லை. பத்மநாபன் சார் மூடுவதற்கான கடிதத்தை எழுத ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமை அனுப்பிவிடுவதாகச் சொன்னார். "நம்மால ஆனதப் பாத்துட்டோம் நாயகி" என்றார். நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் சாகுல் பாய் ஒன்பதின் பாட்டிலைக் கொண்டுவந்து என் நோட்டுக்கு மேலேயே வைத்தார். ஹார்லிக்ஸ் பாட்டில்தான். அடியில் கலங்கல் தண்ணீர், அதன் மேல் ஒன்றரை விரல் உயரத்துக்குக் கருப்பாக எண்ணெய்.

"அந்தக் கூட்டத்துல நானும் பின்னாடி நின்னுக்கிட்டுத்தான் இருந்தேம்மா" என்றார். "ஐயா சொன்னது எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. நீங்க சொன்னது முழுசா வெளங்குச்சு. சிரிச்சது யாருன்னும் தெரியும். ஆனா இதுல இருக்கறது ஐயா எண்ணெயும் இல்ல, ஒங்க எண்ணெயும் இல்ல. அறுவது குடும்பம் இத நம்பி இருக்கு."

பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதினோரு பாட்டிலையும் தேதி வரிசையில் மேசையில் அடுக்கினேன். முதல் ஐந்தில் எண்ணெய் நகக்கண் அளவு. ஆறாவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். மார்ச் 17 பாட்டிலில் இலேசாகச் சிவந்தது. மார்ச் 24 நன்றாக. ஏப்ரல் பாட்டில்கள் ரத்தச் சிவப்பு.

ஐந்து வாரம். இத்தனை நாளும் எண்ணெய் என் கீழ் அலமாரியில் இருந்திருக்கிறது.

பத்மநாபன் சாரைக் கூப்பிட்டேன். நூற்றுக்கு இரண்டு பங்கு எண்ணெய் தந்துகொண்டிருந்த கிணறு இப்போது பன்னிரண்டு தருகிறது என்றேன். அவர் பாட்டில்களைப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்பார் என்று நின்றேன். நான் பார்க்கவில்லை சார், தப்பு என்னுடையதுதான் என்றேன். "அறிக்கையில அதையும் எழுதிடு" என்றார். அப்புறம் மூடுகிற கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

சாகுல் பாய் வெளியே போய் யாருக்கோ போன் செய்து சத்தமாகச் சிரித்தார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஏழு மணிக்குப் போன். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சொல்லவேண்டும் என்று மத்தியானம் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் வயல் பிழைத்ததைச் சொல்வது, அப்புறம் கஞ்சி நன்றாக வேலை செய்ததை, அது அவர் போட்ட அளவு என்பதை, பிறகு மெதுவாக...

"பதினாலு?" என்றார்.

"ஒம்போதுல வந்துடுச்சுங்க. சுவர் இல்ல" என்றேன்.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுபக்கம் ஏசி ஓடுவது மட்டும் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"எவ்வளவு?"

"பன்னண்டு."

"பன்னண்டா!" என்றார். அதில் இருந்தது சந்தோஷம்தான், எனக்குத் தெரியும். அப்புறம் குரல் இறங்கியது. "சுவர் இல்லன்னு எனக்குத் தெரியும் நாயகி."

"என்னது?"

"இங்க வந்த ரெண்டாம் மாசம் ஒன் உப்புக் கணக்க எடுத்து வச்சிக்கிட்டு ஒக்காந்தேன். தப்பு கண்டுபுடிக்கணும்னுதான் ஒக்காந்தேன். மூணு நாள் போட்டுப் பாத்தேன். ஒரே தண்ணிதான். நீ சொன்னதுதான் சரி."

"நாலு வருஷமாத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா வாராவாரம் பதினாலு பதினாலுன்னு கேட்டீங்க?"

"வேற என்னத்தக் கேக்குறது? ஒம்போதக் கேட்டா, நான் தோத்ததச் சொல்லணும். பதினாலுல ஒரு சொட்டு வந்துட்டாக்கூட அத வச்சிக்கிட்டு மூஞ்சக் காட்டலாம்னு பாத்தேன்."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். நாலு வருஷம் ஒற்றை ஆளாக உலை வைத்தது, ஸ்கூட்டரை உதைத்தது, பிரியாணியைப் பாதியாகப் பிரித்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். "மூஞ்சிய யாரு கேட்டா? நீங்க தப்பா இருந்தா எனக்கென்ன, சரியா இருந்தா எனக்கென்ன? நீங்க இங்க இல்லயே, அதான் எனக்கு!" என்றேன். அழுதும் தொலைத்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸில் டிவி சத்தம் குறைந்தது. கேட்கட்டும்.

நான் ஓய்ந்த பிறகு, "நானும் ஒம்போதோட பாட்டிலுங்களப் பாக்கல. வந்த எண்ணெய அஞ்சு வாரம் அலமாரியில பூட்டி வச்சிருந்தேன்" என்று சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. புரிந்திருக்கும்.

"எத்தன பாட்டிலு?"

"பதினொண்ணு. அதுல மூணு ஹார்லிக்ஸ் பாட்டிலு."

"கழுவிட்டியா?"

"இன்னும் இல்ல."

"கழுவாத. நான் வந்து பாக்கணும்."

ஏப்ரல் 28, திங்கள்

சாகுல் பாய் பாட்டில் கேட்டார். வீட்டிலிருந்து ஊறுகாய் பாட்டில் ஆறு கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அந்தப் பதினொண்ணு?" என்றார். அதைத் தொடாதீர்கள் பாய் என்றேன். சரிம்மா என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்க்கிறேன் என்றது வாய்வார்த்தையோ என்று இன்று காலையிலிருந்து பயம். விமான நிலையத்தில் சொன்னதும் சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை டிபனுக்கு உட்கார்ந்தேன், போன் அடித்தது. செவ்வாய்க்கிழமை. அவருக்கு வேலை நாள்.

"லீவு எழுதிக் குடுத்துட்டேன். மே பதினேழாம் தேதி திருச்சி, காலைல அஞ்சரை. நீ வரவேணாம், நானே பஸ்ஸு புடிச்சி வந்துடறேன்" என்றார். பத்மநாபன் சார் போன் செய்து வேலை பற்றிப் பேசினாராம். அதை வந்து பேசிக்கொள்ளலாம் என்று இவர் சொன்னாராம். பதினாலைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கே இன்னும் ஒன்றும் வரவில்லை.

இன்றைய வேலைகள்: ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாசம், புதுப்பிக்க வேண்டும். இட்லி அரிசி இரண்டு கிலோ கூட. ஆய்வக அலமாரிக்குப் பூட்டு வேண்டாம், சாவியைச் சாகுல் பாயிடம் கொடுத்துவிடலாம். ஆலத்திக்கு மஞ்சள் இருக்கிறது. சுண்ணாம்புதான் வீட்டில் இல்லை, வாங்க வேண்டும்.